கேஸ் போடுவது யார்?

2019 ஜனவரியில் அப்பா முதன்முறையாக நியூ ஜெர்சிக்கு வந்திருந்தார். வந்த மூன்றாம் நாள் காலை, "கேஸ் போட்டுட்டு வந்துடறேம்பா" என்று சொல்லிவிட்டுக் கார் சாவியை எடுத்தேன்.

"யார் மேலடா?" என்றார், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நம் ஊரில் கேஸ் போடுவதென்றால் கோர்ட்டுக்குப் போவது. இங்கே பெட்ரோலுக்குப் பெயர் 'கேஸ்'. கேசலின் என்பதன் சுருக்கம். விளக்கியதும் சிரித்துவிட்டு, "இரு, நானும் வரேன்" என்று ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கு அதில் ஆர்வம் இருந்ததற்குக் காரணம் உண்டு. திருச்சியில் ஒரு பெட்ரோல் பங்கில் 26 வருடம் கணக்கு எழுதியவர் அவர். என் பொறியியல் படிப்புக்கான கட்டணம் அந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் வந்தது.

வீட்டிலிருந்து இரண்டு சிக்னல் தள்ளியிருக்கும் நிலையத்தில் காரை நிறுத்தினேன். தலைப்பாகைக்கு மேல் குளிருக்கான முக்காடும் போட்ட ஒரு பஞ்சாபிப் பெரியவர் ஓடி வந்து கார்டை வாங்கிக்கொண்டு குழாயைச் செருகினார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி. அப்பா ஆச்சரியமாகக் கேட்டார்: "இங்கயும் ஆள்தான் போடறாரா? அமெரிக்காவுல எல்லாம் மெஷின்தான், நாமே போட்டுக்கணும்னு சொன்னியே?"

நான் சொன்னதும் பொய்யில்லை. அவர் பார்த்ததும் பொய்யில்லை. அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முயன்றதில் சேர்ந்த விஷயங்கள்தான் இந்தக் கட்டுரை.

டெக்ஸாஸிலிருந்து வந்தவன்

2012-ல் முதுகலைப் பொறியியல் படிக்க டெக்ஸாஸ் வந்தேன். அங்கே நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். நான்கு மாணவர்கள் பணம் போட்டு வாங்கிய பழைய காருக்கு முதன்முறை பெட்ரோல் போட இருபது நிமிடம் ஆயிற்று. மூடி எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரு சுற்று. இயந்திரம் கார்டுக்குரிய ஜிப் கோடு கேட்டு, நான் வாடகை வீட்டின் ஜிப் கோடு தெரியாமல் விழித்தது ஒரு சுற்று. கடைசியில் உள்ளே போய்க் கவுண்டரில் பத்து டாலர் முன்பணம் கட்டினேன்.

பிறகு பழகிவிட்டது. எந்த அளவு பழகியதென்றால், 2014-ல் வேலைக்காக நியூ ஜெர்சி வந்த முதல் வாரம், காரை நிறுத்தியதும் இறங்கிக் குழாயை எடுத்துவிட்டேன். ஊழியர் கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். நான் ஏதோ திருட வந்தவன்போல அவர் பதறியதன் காரணம் அப்போது புரியவில்லை. சட்டத்தை மீறினால் அபராதம் நிலையத்துக்குத்தான். முதல் முறை 50 முதல் 250 டாலர், அடுத்தடுத்த முறை 500 டாலர் வரை.

சட்டம் பிறந்த கதை

வாடிக்கையாளர் தன் கையால் பெட்ரோல் போடுவதை நியூ ஜெர்சி 1949-ல் தடைசெய்தது. சட்டம் சொல்லும் காரணம் பாதுகாப்பு. எஞ்சினை அணைத்திருக்கிறார்களா, யாராவது புகைபிடிக்கிறார்களா என்று பார்க்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும் என்பது வாதம். அந்தப் பயிற்சி எவ்வளவு என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது ஒரு முழு வேலை நாள்.

ஆனால் சட்டத்துக்குப் பின்னால் இன்னொரு கதையும் இருக்கிறது. ஹாக்கென்சாக் நகரில் 17-ஆம் எண் நெடுஞ்சாலையில் இர்விங் ரெயின்கோல்ட் என்பவர் 24 பம்புகளோடு ஒரு சுயசேவை நிலையம் திறந்தார். மற்றவர்கள் காலன் 21.9 சென்ட்டுக்கு விற்றபோது இவர் 18.9 சென்ட். வரிசை கட்டி வந்தார்கள். பக்கத்து நிலையக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. கடையைத் துப்பாக்கியால் சுட்டார்களாம், இவர் குண்டு துளைக்காத கண்ணாடி போட்டுக்கொண்டாராம். பிறகு அவர்கள் சட்டமன்றத்தை அணுகினார்கள், சட்டம் வந்துவிட்டது. பின்னாளில் ரெயின்கோல்டே ஒரு பத்திரிகையாளரிடம் சொன்ன கதை இது. தோற்றவர் சொன்ன கதை என்பதை நினைவில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். ஆனாலும் பாதுகாப்பு என்ற காரணத்துக்குள் வியாபாரப் போட்டியும் உட்கார்ந்திருந்தது என்பதை நம்ப எனக்குத் தயக்கமில்லை.

ஆரெகன் மாநிலம் 1951-ல் இதேபோல் தடை போட்டது. அங்கே சட்டத்திலேயே 17 காரணங்களை வரிசைப்படுத்தியிருந்தார்கள். மழையில் தரை வழுக்கும், பணம் கட்டப் போகும்போது குழந்தைகள் காரில் தனியாக இருப்பார்கள், கர்ப்பிணிகளுக்கு ஆவி நல்லதல்ல, முதியவர்களும் ஊனமுற்றவர்களும் சிரமப்படுவார்கள், வேலைகள் போய்விடும் என்று பட்டியல் நீளும்.

மற்ற இடங்களில் என்ன நடந்தது?

1947-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பிராங்க் உரிச் என்பவர் பெரிய சுயசேவை நிலையம் திறந்து, நீங்களே போட்டுக்கொண்டால் காலனுக்கு ஐந்து சென்ட் மிச்சம் என்று விளம்பரம் செய்தார். பணம் வசூலிக்கச் சக்கரக் காலணி அணிந்த பெண்கள் பம்புக்குப் பம்பு உருண்டு போனார்கள். அதாவது அங்கேயும் ஆள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் யாராவது வந்து பம்பை அடுத்தவருக்குத் தயார் செய்ய வேண்டியிருந்தது.

அந்தச் சிக்கல் தீர்ந்தது 1964-ல். கொலராடோ மாநிலம் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு மளிகைக் கடைக்குள் இருந்தபடியே வெளியே உள்ள பம்பை இயக்கும் கருவி பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு காசாளரே ரொட்டியும் விற்கலாம், பெட்ரோலும் விற்கலாம். 1973 எண்ணெய் நெருக்கடியில் விலை ஏறியபோது ஒவ்வொரு சென்ட்டும் கணக்குக்கு வந்தது, சுயசேவை வேகமாகப் பரவியது. 1980-களில் பம்பிலேயே கார்டைத் தேய்க்கும் வசதி வந்தபின் காசாளரின் முகத்தைப் பார்க்கவும் தேவையில்லாமல் போயிற்று.

ஆரெகன் மெல்ல இறங்கி வந்தது. 2018 ஜனவரி முதல் மக்கள்தொகை 40,000-க்குக் குறைவான கிராமப்புற மாவட்டங்களில் சுயசேவைக்கு அனுமதி. தாங்களே பெட்ரோல் போடுவதை நினைத்து அஞ்சிய ஆரெகன்காரர்களைப் பார்த்து நாடே சிரித்தது. 2020 மார்ச்சில் கொரோனா காரணமாகத் தற்காலிகத் தளர்வு. 2023 ஆகஸ்டில் ஆளுநர் டினா கோடெக் கையெழுத்திட்டதும் மாநிலம் முழுக்க அனுமதி. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. மக்கள்தொகை அதிகமான மாவட்டங்களில் பாதிக்கு மேற்பட்ட பம்புகளைச் சுயசேவையாக்கக் கூடாது. இரண்டு வகைக்கும் விலை ஒன்றாகவே இருக்க வேண்டும்.

ஆகவே மாநிலம் முழுக்கத் தடை மிஞ்சியிருப்பது நியூ ஜெர்சியில் மட்டும்தான். 2006-ல் ஆளுநர் ஜான் கோர்சைன் சோதனை முயற்சியாகக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாமா என்று கேட்டு, வந்த எதிர்ப்பில் கைவிட்டார். 2022-ல் மீண்டும் ஒரு மசோதா வந்தது, நிறைவேறவில்லை. அந்த ஆண்டு ரட்கர்ஸ் ஈகிள்டன் கருத்துக்கணிப்பில் 73 சதவீதம் பேர் ஊழியர் போடுவதே தங்களுக்குப் பிடித்தம் என்றார்கள். 'ஜெர்சிப் பெண்கள் பெட்ரோல் போடுவதில்லை' என்று காரின் பின்னால் ஒட்டிக்கொள்பவர்களும் உண்டு.

ஆபத்து உண்மையா?

1949-ன் காரணம் இன்றும் செல்லுமா என்று பார்க்கலாம். பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்குக் கிளம்பும். நம் ஊரில் கையில் எண்ணெய்க் கேனோடு பீடி பிடிப்பவரைப் பார்த்தால் அப்பா பல்லைக் கடிப்பார். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் கருவிகள் மாறிவிட்டன. டேங்க் நிரம்பியதும் குழாய் 'டக்' என்று தானாக நிற்கிறதே, அதற்குள் எந்த மின்னணுவும் இல்லை. குழாய் நுனியில் சிறு துளை ஒன்று இருக்கும். பெட்ரோல் வேகமாக ஓடும்போது வெஞ்சுரி விளைவால் உள்ளே அழுத்தம் குறைந்து, அந்தத் துளை வழியாகக் காற்று உறிஞ்சப்படும். பெட்ரோல் மட்டம் ஏறித் துளையை மூடியதும் காற்று வருவது நிற்கும், உறிஞ்சும் விசை ஒரு சவ்வை இழுக்கும், விசைக்கட்டை விடுபடும். டக் சத்தத்துக்குப் பிறகு 'ரவுண்டா இருக்கட்டும்' என்று இன்னும் அழுத்துவது நாம் செய்யும் தவறு. வழிவது அப்போதுதான். அமெரிக்காவில் பம்பின் வேகமும் நிமிடத்துக்கு 10 காலனுக்கு மேல் போகக் கூடாது.

செல்போன் பேசினால் தீப்பிடிக்கும் என்று மின்னஞ்சல்கள் சுற்றிய காலம் ஒன்றிருந்தது. பெட்ரோலியம் எக்விப்மென்ட் இன்ஸ்டிடியூட் என்ற தொழில் அமைப்பு தீ விபத்துகளைத் தொகுத்துப் பார்த்தது. செல்போனால் வந்ததென்று உறுதியான ஒரு சம்பவமும் அதற்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது நிலைமின்சாரம். குழாயைச் செருகிவிட்டுக் குளிருக்காகக் காருக்குள் போய் உட்காருகிறோம். இறங்கும்போது சீட்டில் உராய்ந்து உடலில் மின்னேற்றம் சேர்கிறது. நேரே குழாயைத் தொட்டால், ஆவி இருக்கும் இடத்தில் பொறி. காற்று வறண்ட குளிர்காலத்தில்தான் இது அதிகம். எனவே சுயசேவை மாநிலத்தில் இருப்பவர்கள் மறக்கக் கூடாதது ஒன்று: இடையில் உள்ளே போகாதீர்கள். போனால் வெளியே வந்ததும் முதலில் கார்க் கதவின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, பிறகு குழாயைத் தொடுங்கள்.

ஒருவேளை தீப்பிடித்துவிட்டால் குழாயை வெளியே இழுக்கக் கூடாது. விலகி வந்து உள்ளே இருப்பவரிடம் சொல்லி, பம்பை நிறுத்தச் செய்ய வேண்டும்.

இத்தனை மாநிலங்களில் இத்தனை கோடிப் பேர் தினமும் தாங்களே போட்டுக்கொண்டு பத்திரமாக வீடு திரும்புகிறார்கள். ஆகவே பாதுகாப்பு வாதம் மட்டும் இந்தத் தடையைத் தாங்கிப் பிடிக்காது.

காசுக் கணக்கு

பல வருடங்கள் நியூ ஜெர்சியில் பெட்ரோல் மலிவு. 'ஆள் வைத்தும் மலிவுதானே' என்று இங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைக் காரணம் வரி. 2016 வரை மாநில வரி காலனுக்கு 14.5 சென்ட்தான். அந்த நவம்பரில் ஒரேயடியாக 23 சென்ட் ஏற்றினார்கள், பெருமையும் குறைந்தது.

ஆளுக்கு ஆகும் செலவை நாமே தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். 2025-ல் இங்கே பொதுவான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.49 டாலர். முதலாளி கட்டும் வரி, காப்பீடு சேர்த்து 18 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மணிக்கு 30 கார்களுக்குத் தலா 12 காலன் போட்டால் 360 காலன். காலனுக்கு 5 சென்ட். கூட்டமில்லாத இடத்தில் 10 கார்தான் வருமென்றால் 15 சென்ட். இத்தகைய தடைகளைப் பற்றி ஜான்சன், ரோமியோ என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட கட்டுரையும் காலனுக்கு 3 முதல் 5 சென்ட் என்றே சொன்னது. அன்றைய கூலி குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

5 சென்ட் என்றால் ஒரு முறை நிரப்ப எனக்கு 60 சென்ட். வாரம் ஒரு முறை என்றால் வருடத்துக்கு 31 டாலர் சொச்சம். இந்தக் கணக்கை அலுவலக மதிய உணவு மேசையில் நான் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறேன், தடை முட்டாள்தனம் என்று நிரூபிப்பதற்காக.

இறங்க முடியாதவர்கள்

அந்த மேசையில் எதிரே இருந்தவர் ஒருநாள் குறுக்கிட்டார். சக்கர நாற்காலி பயன்படுத்துபவர். கையாலேயே பிரேக்கும் வேகமும் இயக்கும்படி மாற்றிய கார் அவருடையது. வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், பென்சில்வேனியாவில். அங்கே பெட்ரோல் போடுவதே இல்லை என்றார். மாலையில் வீடு திரும்பும்போது பாலத்துக்கு இந்தப் பக்கமே நிரப்பிக்கொண்டு போய்விடுவாராம்.

அமெரிக்க ஊனமுற்றோர் சட்டப்படி, கேட்டால் சுயசேவை நிலையமும் உதவ வேண்டும், கூடுதலாகக் காசு வாங்கக் கூடாது. ஆனால் ஒரே ஒரு ஊழியர் மட்டும் பணியில் இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. "ராத்திரி எட்டு மணிக்கு மேல எல்லா இடத்துலயும் ஒருத்தர்தான். ஹார்ன் அடிச்சா, கண்ணாடிக்குள்ள இருந்து என்னைப் பார்த்துக் கையசைப்பார். நானும் கையசைச்சிட்டு வந்துடுவேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் 31 டாலர்க் கணக்கை அதற்குப் பிறகு அந்த மேசையில் நான் போடவில்லை.

மற்ற நாடுகள் இதை எப்படிப் பார்க்கின்றன? பிரேசில் 2000-ல் சட்டம் போட்டே சுயசேவைப் பம்புகளைத் தடைசெய்தது; நோக்கம் வேலைவாய்ப்பு. தென் ஆப்பிரிக்காவிலும் ஊழியர்தான் போடுகிறார். ஜப்பான் 1998-ல்தான் சுயசேவையை அனுமதித்தது. அங்கேயும் ஊழியர் ஒருவர் பார்த்துப் பொத்தானை அழுத்தினால்தான் பெட்ரோல் வரும். இத்தாலியில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், ஆள் போட்டால் விலை கூடுதல். ஆகவே நியூ ஜெர்சி மட்டும் உலகத்தில் இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

நிற்பவர்

அன்று அப்பா காரிலிருந்து இறங்கிவிட்டார். குளிரில் வேண்டாம் என்று நான் சொன்னது காதில் விழவில்லை. பம்பின் எண்களை உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம், "ஜீரோ பாத்தியாடா?" என்றார். "இங்க அதெல்லாம் பாக்க மாட்டோம்பா" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. நம் ஊரில் 'ஜீரோ பாத்துக்குங்க சார்' என்று சொல்லாத ஊழியரை அவர் வேலைக்கு வைத்துக்கொள்ள விடமாட்டார். ஐந்து லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம், வடிதாளில் கலப்படம் பார்க்கலாம், அடர்த்தியைக் கேட்கலாம் என்று வாடிக்கையாளரின் உரிமைகளை அவரே சொல்லித் தருவாராம்.

பெரியவரிடம் அப்பா தமிழிலும், தெரிந்த நாலைந்து இந்திச் சொற்களிலும் ஏதோ கேட்டார். நிலத்தடித் தொட்டியில் குச்சி விட்டுப் பார்ப்பதுபோல் கையால் காட்டினார். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அறைக்குள்ளிருந்து நீளமான அளவுக் கம்பை எடுத்து வந்து காட்டினார். இருவரும் அந்தக் கம்பை வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் பேசினார்கள். பின்னால் வந்த கார்க்காரர் ஹார்ன் அடித்தார்.

பெரியவர் ஜலந்தர் பக்கம். 12 மணி நேரப் பணி, பெரும்பாலும் நின்றபடியே. நியூ ஜெர்சியில் இந்த வேலையில் பஞ்சாபியர் நிறைய. இடுப்புப் பையில் பணத்தோடு நள்ளிரவில் தனியாக நிற்க வேண்டிய வேலை. 2001 செப்டம்பர் தாக்குதல் முடிந்த நான்காம் நாள், அரிசோனாவின் மேசா நகரில் தன் பெட்ரோல் நிலையத்து வாசலில் பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்த ஒருவன் செய்த கொலை. இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொரு சர்தாருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கிறது. எங்கள் பெரியவர் அதைச் சொன்னபோது சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வேலையை நான் காவியமாக்கத் தயாரில்லை. ஆவியை நாள் முழுதும் சுவாசிப்பது நல்லதல்ல. மைனஸ் எட்டில் நிற்பதும் நல்லதல்ல. அவர் மகள் இதைச் செய்யக் கூடாதென்று அவரே சொல்கிறார். அவள் மருந்தாளுநர் படிப்புப் படிக்கிறாள். கணக்கு எழுதியவர் மகன் பொறியாளர் ஆனதுபோலத்தான்.

2023-ல் ஆரெகன் செய்தி வந்த வாரம் பெரியவர் என்னிடம், "நீ கம்ப்யூட்டர்க்காரன், சொல்லு, இங்கேயும் வந்துவிடுமா?" என்று கேட்டார். என் வேலையோ, ஆட்கள் செய்ததை மென்பொருள் செய்யும்படி மாற்றுவது. உடனே பதில் வரவில்லை. "இந்த வருஷம் வராது" என்றேன். "என் பொண்ணு படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம்" என்றார்.

இப்போது என்னைக் கேட்டால், தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் ஆரெகன்போல விலை ஒன்றாக இருக்க வேண்டும், நிலையம் திறந்திருக்கும் நேரமெல்லாம் பம்பருகே வர ஒருவர் இருக்க வேண்டும். அந்த இரண்டும் எழுதப்படாத மசோதா வந்தால், 31 டாலரை இழப்பதே மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்பா திருச்சிக்குத் திரும்பி வருடங்கள் ஆகிவிட்டன. 2020 ஏப்ரலில் நாங்கள் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோதும் பெரியவர் முகக்கவசத்தோடு பம்பில் நின்றார். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிக் கார்டை நீட்டினேன். அன்றிரவு அதை அப்பாவிடம் சொன்னேன். அதிலிருந்து ஞாயிறு தொலைபேசியில் என் உடம்பைப் பற்றி விசாரித்து முடித்ததும் அவர் கேட்கும் அடுத்த கேள்வி, "சிங் எப்படி இருக்கார்?" என்பதுதான். சென்ற மாதம் நல்ல செய்தி சொன்னேன். மகள் படிப்பை முடித்துவிட்டாள், பெரியவர் இரவுப் பணியை விட்டுவிட்டார்.

"அப்ப ராத்திரி யார் நிக்கறா?" என்றார் அப்பா.

புதிதாக ஒரு பையன். பெயர் இன்னும் கேட்கவில்லை. அடுத்த முறை கேஸ் போடப் போகும்போது கேட்க வேண்டும்.